ஒப்புக்கொள்வதா, அப்ரூவர் ஆவதா, வழக்கை நடத்துவதா: சாமியார் குழுக் கொலை வழக்கில் சிக்கிய சீடருக்கு உள்ள வழிகள்

ஒரு குருவைச் சுற்றி உருவான குழுவுக்குள் கொலை நடந்து அதில் சீடர்கள் கைதாகும்போது, வக்கீலைத் தேடி, சென்னை உயர் நீதிமன்றம் உள்ள பாரிமுனைக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான்: "பையன் செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டால் தண்டனையைக் குறைப்பார்கள் அல்லவா, சார்?" வெளிநாட்டு வழக்குகளைப் பற்றிய செய்திகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் ஒருவருக்குத் தண்டனை குறைந்தது என்று படித்தவர்களும், சிறிய வழக்குகளில் நடுவர் முன் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி வெளியே வந்தவர்களை அறிந்தவர்களும் அப்படி நம்புவது இயல்பே. ஆனால் தமிழ்நாட்டில் நடக்கும் கொலை வழக்குக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. அதை நம்பி எடுக்கும் முடிவைப் பின்னர் திருத்திக்கொள்ளவும் அநேகமாக வழியிருக்காது. ஆகவே, குற்றத்தை ஒப்புக்கொள்வது, மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாவது (அப்ரூவர்), வழக்கை நடத்துவது என்று கைதான சீடருக்கு முன்னால் உள்ள மூன்று வழிகளையும், அவை ஒவ்வொன்றும் மேல்முறையீட்டில் என்ன விளைவைத் தரும் என்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். அமர்வு நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வனையப்படும் நாளில், நீதிபதி அதைத் தமிழில் படித்துக் காட்டி விளக்கிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, அல்லது விசாரணை கோருகிறீர்களா என்று கேட்பார். புழல் சிறையிலிருந்து காவலர்கள் அழைத்து வந்து கூண்டில் நிறுத்திய இளைஞருக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சடங்குபோல அது தோன்றும்; அவருடைய வாழ்நாள் முழுவதும் அந்தச் சில நிமிடங்களைச் சார்ந்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 252ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 229ஆம் பிரிவைப் போலவே, ஒப்புக்கொள்பவரின் வாக்கை நீதிபதி பதிவு செய்ய வேண்டும் என்றும், அதன் அடிப்படையில் தண்டிப்பது அவருடைய விருப்புரிமை என்றும் கூறுகிறது. நீதிபதி தண்டித்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. மரண தண்டனை விதிக்கப்படக்கூடிய வழக்கில் வெறும் ஒப்புதலை மட்டும் வைத்துத் தண்டிக்காமல் சாட்சிகளை விசாரிப்பதே பாதுகாப்பானது என்பது நெடுங்காலமாக இந்திய நீதிமன்றங்களில் நிலவிவரும் வழக்கம்.

ஒப்புக்கொள்பவருக்குக் கைமாறாக என்ன கிடைக்கும் என்று பார்த்தால், சட்டப்படி எதுவும் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவின்படி கொலைக்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள் சிறை. அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. அரசுத் தரப்போடு பேசித் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேர முறை 2006ஆம் ஆண்டிலிருந்து நம் சட்டத்தில் இருந்தாலும், ஏழாண்டுகளுக்கு மேற்பட்ட சிறை, ஆயுள் சிறை, மரணம் ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்கள் அதிலிருந்து முற்றாக விலக்கப்பட்டுள்ளன. ஆகவே "ஒப்புக்கொண்டால் பத்து வருஷத்தில் முடித்துவிடலாம்" என்று யாராவது உறுதியளித்தால், அந்த உறுதிக்குப் பின்னால் சட்டம் இல்லை என்பதைக் குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படி ஆசை காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கு முரணானது என்று, கர்நாடகத்திலிருந்து சென்ற திப்பேசுவாமி வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். அது கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு; கொலை வழக்கில் அப்படி ஒரு பேரத்துக்கே இடமில்லை.

ஆனால் ஒப்புக்கொள்பவர் இழப்பது மிகப் பெரிது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆம் பிரிவின்படி, ஒப்புதலின் பேரில் அமர்வு நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர், தண்டனையின் அளவு அல்லது சட்டப்பொருத்தம் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியும். குற்றவாளி என்ற தீர்ப்பையே எதிர்த்து வாதிடும் உரிமை போய்விடுகிறது. கொலைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஆயுள் சிறையாக இருக்கும்போது, ஆயுள் தண்டனை பெற்றவருக்கு அளவைப் பற்றி வாதிட என்ன மிஞ்சும்? மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே எஞ்சிய அந்தச் சிறு உரிமைக்குப் பொருள் உண்டு. ஒப்புதல் உண்மையான ஒப்புதலே அல்ல, அச்சுறுத்தியோ புரியாத நிலையிலோ பெறப்பட்டது என்று வாதிடும் வழி ஒன்று இருக்கிறது. அது குறுகலான வழி.

அந்தக் குறுகலான வழியில் பெரிதும் உதவக்கூடியது, அன்றைய மெட்ராஸ் மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற மகந்த் கௌசல்யா தாஸ் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொன்னாரோ அதை இயன்றவரை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும், அது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சாமியார் குழு வழக்குகளில் இது ஏன் முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். நீதிபதி கேட்கும்போது ஒரு சீடர், "ஐயா சொன்னார், நாங்கள் செய்தோம், எனக்கு வருத்தமில்லை" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்ற ஏட்டில் அது "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று ஒரே வரியில் எழுதப்பட்டால், அவர் எதைச் செய்தார், வாசலில் நின்றாரா, கையைப் பிடித்தாரா, கொல்லத்தான் போகிறார்கள் என்று அறிந்திருந்தாரா என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு வரிக்குள் மறைந்துவிடும். கொலைக் குற்றமும், எல்லோரும் ஒரே நோக்கத்தோடு செயல்பட்டார்கள் என்ற பொது உட்கருத்தும் நிலைநிறுத்தப்பட வேண்டிய இடமே அந்தக் கேள்விகள்தான்.

இத்தகைய வழக்குகளுக்கே உரிய இன்னோர் ஆபத்து இதைவிடக் கடுமையானது. சீடர் முன்வந்து ஒப்புக்கொள்வது அவருடைய சொந்த முடிவாக இல்லாமல், குருவைக் காப்பாற்றும் கடைசிக் கீழ்ப்படிதலாகவும் இருக்கலாம். 1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கொலைகளுக்காக, குழுத் தலைவர் சார்லஸ் மேன்சனோடு சேர்த்து அவருடைய குழுவின் மூன்று இளம்பெண்கள் விசாரிக்கப்பட்டபோது, அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்ததும் அந்தப் பெண்கள் மூவரும் தாங்களே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும் என்று கேட்டார்கள். பழியைத் தங்கள்மேல் சுமந்துகொண்டு மேன்சனை விடுவிப்பதே அதன் நோக்கம் என்று கருதிய அவர்களுடைய வழக்கறிஞர்களே அதை எதிர்த்தார்கள். சென்னையில் இத்தகைய வழக்கை எடுக்கும் எந்த வக்கீலும், ஒப்புக்கொள்ள விரும்பும் சீடரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த யோசனையை உங்களுக்குச் சொன்னது யார் என்பதே. அதோடு, ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுவிட்டவரின் வாக்கு குருவுக்கு எதிரான சான்றாகத் தானாகவே மாறிவிடாது. "சீடர்கள் தாமாகச் செய்தார்கள், அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்று குருவின் வக்கீல் வாதிடுவதற்கு அது வசதியாகவே அமையும்.

வெளிநாடுகளில் நிலைமை வேறு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனடாவில் ஒரு குழுவை நடத்திய ரோக் தெரியோ, 1993இல் இரண்டாம் நிலைக் கொலையை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். அமெரிக்காவில் யாவே பென் யாவே என்பவரின் குழுவைச் சேர்ந்த முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ராபர்ட் ரோசியர், நான்கு கொலைகளை ஒப்புக்கொண்டு தலைவருக்கு எதிராகச் சாட்சி சொன்னதால் அவருக்கு 22 ஆண்டு தண்டனையே கிடைத்தது. பத்தாண்டுகளில் வெளியே வந்தார். அங்கே கொலைக்குள்ளேயே படிநிலைகள் உண்டு. எந்தப் படியில் குற்றம் சாட்டுவது, எவ்வளவு தண்டனை கேட்பது என்று அரசு வழக்கறிஞர் பேரம் பேசலாம். நம் அரசு வழக்கறிஞருக்குக் கொலை வழக்கில் அந்த அதிகாரம் இல்லாததால், அங்கே கிடைத்த பலனை இங்கே எதிர்பார்க்க முடியாது.

ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவின் மீதான வழக்குகள் இன்னும் நுட்பமான பாடத்தைத் தருகின்றன. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பியவர்களில் ஒருவரான மருத்துவர் இகுவோ ஹயாஷி, விசாரணையில் முன்வந்து எல்லாவற்றையும் சொன்னார். அரசுத் தரப்பே அவருக்கு மரண தண்டனை கேட்கவில்லை, 1998இல் ஆயுள் சிறையோடு தப்பினார். ஆனால் 1989இல் வழக்கறிஞர் சகாமோட்டோவின் குடும்பம் கொல்லப்பட்டதைப் போலீசிடம் முதலில் சொன்ன, அதே குழுவைச் சேர்ந்த ஒகசாக்கிக்கு, தாமாக முன்வந்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டும் மரண தண்டனையே கிடைத்தது. இருவரும் உண்மையைச் சொன்னவர்களே. தண்டனையைக் குறைப்பது நீதிபதியின் மதிப்பீட்டைப் பொறுத்தது என்ற முறையில், வாய் திறப்பது எவருக்கும் உத்தரவாதம் ஆகாது என்பதை இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது உணரலாம்.

இரண்டாவது வழி, பேச்சு வழக்கில் அப்ரூவர் ஆவது என்று சொல்லப்படுவது. குற்றத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புடைய ஒருவர், தனக்குத் தெரிந்த அனைத்தையும் மறைக்காமல் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 343ஆம் பிரிவின்படி நடுவரும், வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குச் சென்ற பிறகு 344ஆம் பிரிவின்படி அந்த நீதிமன்றமும் அவருக்கு மன்னிப்பு வழங்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவானது. ஒப்புக்கொள்பவர் ஆயுள் தண்டனைக்குத் தம்மை ஒப்படைக்கிறார். அப்ரூவர் நிபந்தனையை நிறைவேற்றினால் தண்டனையே இல்லாமல் வெளியே வருகிறார். மேல்முறையீடு செய்ய வேண்டிய தேவையே அவருக்கு எழாது.

இவ்வளவு நல்ல வழியை எல்லோரும் ஏன் எடுப்பதில்லை? முதல் காரணம், அதைக் கொடுப்பது நீதிமன்றத்தின் கையிலும், நடைமுறையில் விசாரணை அதிகாரியின் தேவையிலும் இருக்கிறது. நேரடியாகக் கத்தியை எடுத்தவருக்கு மன்னிப்புக் கேட்கப் பொதுவாக அரசுத் தரப்பு தயங்கும். உடனிருந்தவர், வண்டி ஓட்டியவர், காவலுக்கு நின்றவர் ஆகியோருக்கே அது எளிதில் பொருந்தும். மேன்சன் வழக்கில் முழு விலக்குப் பெற்ற லிண்டா கசேபியன் யாரையும் கொல்லாமல் வெளியே நின்றவர். அவருடைய சாட்சியமே அந்த வழக்கின் முதுகெலும்பாக இருந்தது. இரண்டாவது காரணம், ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை அப்ரூவர் சிறையிலேயே இருக்க வேண்டும். வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும் வழக்கில் அது ஆண்டுக்கணக்காகலாம். மூன்றாவது காரணம், அவர் எதையாவது மறைத்தாலோ பொய் சொன்னாலோ, அரசு வழக்கறிஞர் சான்றளித்தால் மன்னிப்பு போய்விடும். அதே கொலைக்காக அவர் விசாரிக்கப்படுவார். அப்போது அவர் ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலம் அவருக்கு எதிராகவே நிற்கும்.

குழு வழக்குகளில் இந்த மூன்றாவது ஆபத்து கற்பனையல்ல. மேன்சன் குழுவின் சூசன் அட்கின்ஸ் 1969 டிசம்பரில், மரண தண்டனை கேட்பதில்லை என்ற அரசுத் தரப்பின் உறுதியின் பேரில் விரிவாகச் சாட்சி சொன்னார்; சில மாதங்களில் மேன்சனைச் சந்தித்த பிறகு தாம் சொன்னதை மறுத்துவிட்டார். 1971இல் அவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் அந்தத் தண்டனையே ஒழிக்கப்பட்டதால் உயிர் பிழைத்து, 2009இல் சிறைவாசத்திலேயே இறந்தார். குருவின் பிடி கைது செய்யப்பட்ட அன்றே தளர்ந்துவிடுவதில்லை. அப்ரூவராகச் சம்மதிக்கும் சீடரை குருவும் மற்றச் சீடர்களும் இருக்கும் சிறைப் பகுதியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று அவருடைய வக்கீல் எழுத்துப்பூர்வமாகக் கோருவது அவசியம்.

சாட்சியின் பாதுகாப்பைப் பற்றியும் சில சொற்கள். சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வழக்குகளில் சாட்சிகள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் நாடறிந்தவை. அந்தப் பின்னணியில் ஒரு சாட்சியான மகேந்தர் சாவ்லா தொடுத்த வழக்கில்தான், 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை எல்லா மாநிலங்களும் சட்டம்போலப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்ரூவராகும் சீடரின் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அதே குழுவின் அண்டையிலேயே குடியிருந்தால், அந்தத் திட்டத்தின்கீழ் மனுக் கொடுப்பதை மன்னிப்பு மனுவோடு சேர்த்தே செய்வது நல்லது. வக்கீல் அதை மறந்தாலும் குடும்பம் நினைவூட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, விசாரணையை எதிர்கொண்டு வழக்கை நடத்துவதும், தண்டனை வந்தால் மேல்முறையீட்டுக்குச் செல்வதும். பெரும்பாலான சீடர்களுக்கு இறுதியில் எஞ்சுவது இதுவே. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கறியப்பட்ட முன்மாதிரி பிரேமானந்தா வழக்கு. விராலிமலை அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்திய அவர், ஆசிரமத்துப் பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதற்காகவும், இலங்கைத் தமிழரான ரவி என்ற இளைஞரின் கொலைக்காகவும், 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கும்படி இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். தீர்ப்பளித்தவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆர். பானுமதி. ஆசிரமத்தைச் சேர்ந்த வேறு சிலரும் உடன் தண்டிக்கப்பட்டார்கள். 2002இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2005இல் உச்ச நீதிமன்றமும் அத்தண்டனைகளை உறுதி செய்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்றும் சட்டத் தொகுப்புகளில் குருவின் பெயரால் அல்லாமல், உடன் தண்டிக்கப்பட்ட கமலானந்தாவின் பெயராலேயே குறிக்கப்படுகிறது. பிரேமானந்தா 2011இல் சிறைவாசத்திலேயே இறந்தார். விசாரணை நீதிமன்றத்திலேயே சான்றுகள் உறுதியாக அமைந்துவிட்டால், மேலே இரண்டு படிகள் ஏறினாலும் எதுவும் மாறாது என்பதற்கு இந்த வழக்கு சாட்சி.

இதற்கு நேர்மாறானது தேரா சச்சா சௌதா என்ற ஆன்மிக அமைப்பின் முன்னாள் மேலாளர் ரஞ்சித் சிங் கொலை வழக்கு. 2002இல் நடந்த அந்தக் கொலைக்காக, அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமுக்கும் வேறு நால்வருக்கும் 2021 அக்டோபரில் பஞ்ச்குலா சிபிஐ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2024 மே மாதத்தில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் ஐவரையும் விடுவித்தது. முக்கிய சாட்சியான முன்னாள் ஓட்டுநர், இடையில் பிறழ்சாட்சியாகி, பிறகு மீண்டும் அரசுத் தரப்புக்காகச் சாட்சி சொன்னவர். அவர் பயத்தால் மாறினார் என்பதை நம்புவதற்கு நமக்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பார்வை, சாட்சியம் நிலைக்கிறதா என்பதிலேயே இருக்கும். கொலையுண்டவரின் குடும்பத்துக்கு இது எவ்வளவு வேதனையான முடிவு என்பதை உணர்ந்தே இதைச் சொல்கிறேன்.

மேல்முறையீடு என்பது தீர்ப்புக்குப் பிறகு தொடங்குவதல்ல. விசாரணை நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட ஒவ்வொரு குறுக்கு விசாரணைக் கேள்வியிலும் அது உருவாகிக்கொண்டிருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு சாட்சியங்களை முழுமையாக மறு ஆய்வு செய்யும் என்றாலும், அவர்கள் முன் இருப்பது கீழே பதிவான தாள்கள் மட்டுமே. சீடரை குருவிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் கேள்விகள் கீழே கேட்கப்படாவிட்டால், மேலே அதை எடுத்துக் காட்டப் பதிவுகளில் எதுவும் இருக்காது. எனவேதான் சீடருக்குத் தனி வக்கீல் வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். குழுவே எல்லோருக்கும் வக்கீல் வைத்துக் கட்டணமும் கட்டும்போது, ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய உதவியாகத் தெரியும். ஆனால் "குரு சொல்லித்தான் செய்தேன்" என்பது சீடரின் பாதுகாப்பாகவும் குருவின் தண்டனையாகவும் இருக்கும் வழக்கில், இருவருக்கும் ஒரே வக்காலத்து எப்படிப் பொருந்தும்? பணமில்லை என்ற காரணமும் இங்கே இல்லை. சிறைக் காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய மாநில ஆணைக்குழு அலுவலகத்திலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம், சிறைக்குள்ளிருந்தே மனுக் கொடுக்கவும் முடியும்.

வக்கீல் தரப்பில் ஏற்படும் குறைபாடு வழக்கையே மாற்றிவிடும் என்பதற்கு வெளிநாட்டில் இரு துருவங்களாக இரண்டு நிகழ்வுகள் உண்டு. மேன்சன் வழக்கில் லெஸ்லி வான் ஹௌட்டனின் வழக்கறிஞர் விசாரணையின் நடுவிலேயே காணாமல்போய், பின்னர் பிணமாகக் கிடைத்தார். அந்தக் காரணத்தால் 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. இரண்டாவது விசாரணையில் நடுவர் குழு (ஜூரி) ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1978இல் மூன்றாவது விசாரணையில் மீண்டும் தண்டிக்கப்பட்டு, ஐம்பதாண்டுகளுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின் 2023இல் விடுதலையானார். ஓம் ஷின்ரிக்யோவின் தலைவர் அசஹாரா வழக்கிலோ, அவருடைய வழக்கறிஞர்கள் மேல்முறையீட்டுக் காரணங்களை உரிய நாளுக்குள் தாக்கல் செய்யாததால், 2006இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் விசாரிக்காமலேயே தள்ளுபடி செய்தது. 2004இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை அப்படியே இறுதியாகி, 2018 ஜூலையில் நிறைவேற்றப்பட்டது.

விசாரணையில் எந்த வாதம் எடுபடும், எது எடுபடாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். "குரு கொன்றுவிடுவதாக மிரட்டினார்" என்பது பல குற்றங்களுக்கு எதிர்வாதமாகலாம். கொலைக்கு அது எதிர்வாதம் ஆகாது என்று நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவு வெளிப்படையாகவே விலக்கு வைத்திருக்கிறது. "தெய்வத்தின் கட்டளை என்று நம்பினேன்" என்பதும் பித்து நிலைப் பாதுகாப்பைத் தானாகத் தந்துவிடாது. செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ மனநலக் குறைவால் அறிய முடியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். பொது உட்கருத்து இருந்ததா, சீடரின் பங்கு என்ன, அவர் எதை அறிந்திருந்தார் என்பவையே உண்மையில் போராட வேண்டிய இடங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது, அதன்மூலம் கண்டெடுக்கப்பட்ட பொருள் தொடர்பான பகுதி மட்டுமே ஆகும் என்பதும் பலருக்குத் தெரியாத முக்கியமான பாதுகாப்பு. போலீசிடம் சொல்லிவிட்டோமே, இனி மறுத்து என்ன பயன் என்று எண்ணி ஒப்புக்கொள்ளத் துணிபவர்கள் இதை அறிந்தாலே முடிவை மாற்றிக்கொள்வார்கள். மிரட்டலும் மூளைச் சலவையும் குற்றத்தை அழிக்காவிட்டாலும் தண்டனையில் எடைபோடப்படும். மரண தண்டனை பற்றிய பேச்சு வரும் வழக்குகளில், எதிரியின் மனநல மதிப்பீட்டையும் சிறை நடத்தை அறிக்கையையும் விசாரணை நிலையிலேயே பெற வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அதைக் கேட்டுப் பெறுவது வக்கீலின் வேலை.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். தண்டிக்கப்பட்டவர் தாமே செய்த மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது. ஆனால் போதாத தண்டனை என்று அரசு தனியாக மேல்முறையீடு செய்யலாம்.  ஜப்பானில் ஓம் குழுவின் இனோவேவுக்கு முதலில் ஆயுள் தண்டனையே கிடைத்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து 2004இல் அதை மரண தண்டனையாக்கியது, 2018இல் அவரும் தூக்கிலிடப்பட்டார். இங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டால் எதிரி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அது குறைக்கப்படும்போது பதினான்கு ஆண்டுகளில் வெளியே வரக்கூடிய சாதாரண ஆயுளாக இல்லாமல், தண்டனைக் குறைப்பே இல்லாத நீண்ட ஆயுளாகவும் அமையலாம். அப்படி விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உண்டு என்பதை 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கும், விடுதலையை எதிர்த்தும் குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்த்தும் மேல்முறையீடு செய்ய 2009 முதல் உரிமை இருக்கிறது. தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் அவர்கள் மேல்முறையீடு செய்ய முடியாது.

இவற்றையெல்லாம் ஒப்பிட்ட பிறகு என் முடிவு ஆளுக்கு ஏற்ப மாறுகிறது. உடனிருந்தார், ஆனால் கொல்லவில்லை என்ற நிலையில் உள்ள சீடருக்கு, புலன் விசாரணை முடிவதற்குள் தனி வக்கீலோடு அப்ரூவர் வழியைக் கேட்டுப் பார்ப்பதே முதல் தேர்வு; அது கிடைக்காவிட்டால் பொது உட்கருத்தை மறுத்து வழக்கை நடத்த வேண்டும். குருவின் ஆணைப்படி நேரடியாகக் கை வைத்தவருக்கு மன்னிப்பு கிடைப்பது அரிது. அவருக்கு விசாரணையே வழி, அதிலும் தண்டனைக் கட்டத்துக்கான சான்றுகளைத் தொடக்கத்திலிருந்தே சேர்க்க வேண்டும். குருவோடு சேர்ந்து திட்டமிட்ட நெருங்கிய வட்டத்தினருக்கு விசாரணையும் மேல்முறையீடும் தவிர வேறு வழி இல்லை. குற்றச்சாட்டு வனையும் நாளில் கொலையை ஒப்புக்கொள்வதை இவர்களில் எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனம் உறுத்தி, உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று வரும் சீடர்களும் உண்டு. அவர்களைத் தடுத்து வாயை மூடச் சொல்வது சரியல்ல. அவர்களுக்கு ஏற்ற இடம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்படி நடுவர் முன் கொடுக்கும் வாக்குமூலம். அங்கே, வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயமில்லை, கொடுத்தால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படும் என்று நடுவர் எச்சரிக்க வேண்டும்; யோசிக்க அவகாசம் தருவதும் வழக்கம். நடந்தது முழுவதும், யார் சொன்னார், யார் செய்தார், தாம் எங்கே நின்றார் என்பதெல்லாம் அவருடைய சொற்களிலேயே பதிவாகும். அப்ரூவராகும் வாய்ப்பும் பெரும்பாலும் அந்த வாக்குமூலத்திலிருந்தே திறக்கிறது. ஆனால் அது அவரைத் தண்டிக்கவும் பயன்படும் சான்று என்பதால், தனி வக்கீலிடம் பேசாமல் அதில் இறங்கக் கூடாது.

கடைசியாகக் கால அளவு. அமர்வு நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல 60 நாள்கள். மரண தண்டனையென்றால் 30 நாள்களே. தீர்ப்பின் நகல் எடுக்க ஆன காலம் இதில் கழிக்கப்படும். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். வெளியே பார்க்க ஆளில்லாதவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம். தென் மாவட்டத்தில் நடந்த வழக்கானால், 2004க்குப் பிறகு அது மதுரைக் கிளைக்குச் செல்லும். குடும்பம் சென்னையில் இருக்கிறது என்பதற்காக இங்கே தாக்கல் செய்ய முடியாது. உயர் நீதிமன்றத்தில் தோற்றால், உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் தாக்கல் செய்யலாம். புழலில் மனுப் போட்டுப் பார்க்கச் செல்லும் பெற்றோர், மேல்முறையீட்டு எண் என்ன, எந்தத் தேதியில் தாக்கல் ஆனது என்பதை வக்கீலிடம் எழுதி வாங்கி, பிள்ளையிடமும் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.